பூட்டிக் கிடந்த பெரிய வீட்டைத் திறக்கும்போது: குளவிக்கு ஒரு முழு வழிகாட்டி

செட்டிநாட்டுப் பெரிய வீடுகளில் பாதிக்கு மேல் ஆண்டில் பத்துப் பதினைந்து நாள் திறந்திருந்தால் அதிகம். மீதி நாளெல்லாம் குளவியும் புறாவும் வௌவாலும்தான் குடித்தனம். பள்ளத்தூர், கோட்டையூர் பக்கம் அப்படிப் பூட்டிய சில வீடுகளைப் பார்த்துக்கொள்வது என் வேலை. கல்யாணம், சாந்தி (அறுபது, எண்பது நிறைவு), படைப்பு (முன்னோருக்குப் படையல்) என்று வருகிறவர்கள் கொட்டு வாங்கும் விதம் எல்லா வீட்டிலும் ஒன்றுதான். வந்த அன்றே ஒட்டடைக் கம்பை எடுப்பார்கள். கம்பின் நுனி எதில் படுகிறது என்பது பட்ட பிறகுதான் தெரியும்.

குளவி வேலையில் பொருளைவிட வரிசை முக்கியம். கீழே உள்ள படிகளை இடம் மாற்றாமல் செய்யுங்கள். குறிப்பாக, ஓட்டையை அடைக்கும் வேலை ஏன் கிட்டத்தட்டக் கடைசியில் வருகிறது என்பதைப் படித்துவிட்டுத் தொடங்குங்கள்.

1. சாவி, சம்மதம், சாமான்

பங்கு வீடாக இருந்தால் முதல் வேலை தொலைபேசியில். ஒவ்வொரு புள்ளிக்கும், அதாவது கல்யாணமான ஒவ்வொரு குடும்பத்துக்கும், ஓர் உள்வீடு, அதற்கு ஒரு பூட்டு. ஒரு சாவி சென்னையில், இன்னொன்று மலேசியாவில். வளவு என்னும் நடுமுற்றப் பகுதி முழுவதும் சுத்தம் செய்துவிட்டு அந்த ஓர் அறையை விட்டுவிட்டால் செய்த வேலை வீண். அறைக் கதவு பூட்டியிருந்தாலும் மேல் சன்னல் வழியே குளவி போய்வந்துகொண்டுதான் இருக்கும். ஆகவே பந்தல் போடும் நாளுக்கு இருபது நாள் முன்பே பங்காளிகளிடம் சொல்லி, சாவியையும் சம்மதத்தையும் வாங்கிவிடுங்கள்.

சாமான்கள்: நீளக் குழாய் வைத்த கைத்தெளிப்பான், பாத்திரம் கழுவும் சோப்புத் திரவம், கடையில் விற்கும் பூச்சி மருந்து டின், டார்ச், அதன் முகப்பில் கட்டச் சிவப்புக் கண்ணாடிக் காகிதம், சாக்பீஸ், பிளாஸ்டிக் கரண்டி, துருப்பிடிக்காத கம்பி வலை, கொஞ்சம் சுண்ணாம்புக் கலவை.

உடம்புக்கு முழுக்கை சட்டை, கனத்த கால்சட்டை, காலுறைக்குள் செருகிய கால் முனை, ஷூ, கையுறை, கண்ணாடி மூடிய ஹெல்மெட், கழுத்தைச் சுற்றித் துண்டு. வேட்டி வேண்டவே வேண்டாம். கீழிருந்து உள்ளே புகுந்த குளவியை வெளியேற்ற நாகரிகமான வழி எதுவும் கிடையாது. கறுப்புத் துணியும் வேண்டாம். கூட்டைக் காக்க வரும் குளவி கருமையான பொருளைத்தான் முதலில் தாக்கும். வாசனைத் தைலத்தை அன்றைக்கு விட்டுவிடுங்கள்.

2. கொட்டிவிட்டால்: இதை முன்னாலேயே படியுங்கள்

இந்தப் பகுதியைக் கடைசியில் போடுவதுதான் வழக்கம். கொட்டு வாங்கிய பிறகு யாரும் பக்கம் புரட்டுவதில்லை என்பதால் இங்கே வைக்கிறேன்.

தேனீ கொட்டினால் கொடுக்கு தோலில் தங்கிவிடும். உடனே நகத்தாலோ அட்டையாலோ வழித்து எடுக்க வேண்டும். குளவிக்குக் கொடுக்கு உடம்போடுதான் இருக்கும். அதனால் ஒரே குளவி பல முறை கொட்டும். முதலில் அந்த இடத்தைவிட்டு நகர்ந்து, ஓர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்துங்கள். நசுக்கிக் கொல்ல முயலாதீர்கள். கூட்டருகே நசுங்கிய குளவியின் நஞ்சு வாசனை மற்றவற்றுக்கு அழைப்பு மணி. கொட்டிய இடத்தைச் சோப்புப் போட்டுக் கழுவி, துணியில் சுற்றிய ஐஸ் வையுங்கள். விரலில் மோதிரம் இருந்தால் வீங்குவதற்குள் கழற்றிவிட வேண்டும்.

சுண்ணாம்பு தடவுகிறவர்களிடம் நான் சண்டை போடுவதில்லை. அதைத் தேடிப் பத்து நிமிடம் வீணாக்குவதுதான் தவறு. மூச்சுத் திணறல், உதடோ முகமோ வீங்குதல், உடம்பெங்கும் தடிப்பு, வாந்தி, தலைசுற்றல் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று வந்தாலும் உடனே 108. வாய்க்குள்ளோ தொண்டையிலோ கொட்டினாலும் அப்படியே. கதண்டு என்னும் பெரிய குளவி பல இடங்களில் கொட்டியிருந்தால், ஆள் தெளிவாகப் பேசிக்கொண்டிருந்தாலும் மருத்துவமனைக்குப் போக வேண்டும். நஞ்சு சிறுநீரகத்தைத் தாக்குவது ஓரிரு நாள் கழித்துத்தான் வெளியே தெரியும். முன்பு கொட்டியபோது மூச்சு முட்டியவர் யாராவது இருந்தால், அவருக்கு இந்த வேலையில் இடமில்லை.

3. கையில் கம்பு இல்லாமல் ஒரு சுற்று

காலை ஒன்பது மணிக்கு மேல் வெயில் ஏறியதும் தொடங்குங்கள். அப்போதுதான் குளவிகள் போக்குவரத்தில் இருக்கும். ஒரு தெருவில் முகப்பும் அடுத்த தெருவில் பின்வாசலும் உள்ள வீட்டில் இந்தச் சுற்றுக்கு ஒன்றரை மணி நேரம் ஆகும். அவசரப்படக் கூடாது. ஒவ்வோர் இடத்திலும் இரண்டு நிமிடம் சும்மா நின்று பாருங்கள். வாயில் மண் உருண்டையையோ புழுவையோ கவ்விக்கொண்டு வரும் குளவி நேரே கூட்டுக்குத்தான் போகும். கூட்டைத் தேடுவதைவிட அதைப் பின்தொடர்வது எளிது.

பார்க்க வேண்டிய இடங்களில் மற்றவர்கள் தவறவிடுபவை இவை: பட்டாலை என்னும் கூடத்தில் சாய்த்து மாட்டிய முன்னோர் படங்களின் பின்பக்கம், முகப்பு மேலே சுதை பொம்மைகளுக்கும் சுவருக்கும் இடையிலான சந்து, வளவு ஓட்டின் விளிம்புக்குக் கீழே, ஊஞ்சல் கொக்கி, கவிழ்த்து வைத்த அண்டாவின் உள்பக்கம், கிணற்று மோட்டாரின் காற்றுத் துளைகள், மீட்டர் பெட்டி.

சன்னல்தான் எல்லாவற்றிலும் மோசம். மரக்கதவுக்கும் கம்பிக்கும் இடையில் ஒரு சாண் இடைவெளி, மழை படாது, ஆண்டு முழுவதும் ஆடாது. குளவிக்கு அதைவிட நல்ல மனை கிடைக்காது. கதவை வேகமாக இழுத்தால் கூடு கதவோடு சேர்ந்து முகத்துக்கு நேரே வரும். இரண்டு விரல் அளவு மட்டும் திறந்து, டார்ச் அடித்துப் பார்த்த பிறகே முழுதாகத் திறக்கவும். என் நெற்றியில் வாங்கிய முதல் கொட்டு இப்படித்தான். அன்று காலை அந்த வீட்டில் நாற்பது சன்னல் திறக்க வேண்டியிருந்தது. நான் மாட்டியது நான்காவதில்.

கூடு தெரிந்ததும் எதுவும் செய்யாமல் அதற்கு நேர் கீழே தரையில் சாக்பீசால் ஒரு வட்டம் போட்டுவிட்டு நகருங்கள். ஆத்தங்குடிக் கல்லில் போட்டாலும் ஈரத்துணியில் போய்விடும். இருட்டில் வேலை செய்யும்போது அந்த வட்டம்தான் வழிகாட்டி. அதுவரை பிள்ளைகள் அந்தப் பக்கம் போகாமல் இருக்கவும் உதவும்.

4. எது எந்தக் கூடு

மூன்றாகப் பிரித்தால் போதும்.

மண்ணால் கட்டிய குழல் அல்லது சின்னப் பானை போன்ற கூடு: தனிக்குளவி. ஒரு தாய் மட்டும் கட்டும்; காவல் படை கிடையாது. கையால் பிடித்து அழுத்தினால் ஒழிய கொட்டாது.

தவிட்டு நிறக் காகிதம் போன்ற பொருளில், தாமரைக் காயைக் கவிழ்த்து ஒரு காம்பில் தொங்கவிட்டாற்போல், அறைகள் திறந்து தெரியும் கூடு: காகிதக் குளவி. மெலிந்த உடல், செம்பழுப்பு நிறம். கூட்டைத் தொட்டால் கொட்டும்.

கூடை அளவோ பானை அளவோ, வெளியே வரிவரியாகக் காகித உறை மூடி, ஒரே ஒரு வாசலுடன் இருப்பது: கதண்டு. கறுத்த உடல், வயிற்றின் முன்பகுதியில் ஆரஞ்சு மஞ்சள் பட்டை. இது பெரும்பாலும் பனை, புளியமரம், சில வேளை கொல்லைப்புறச் சுவர் அல்லது மாடி விளிம்பில் இருக்கும். இதை நீங்கள் தொடப்போவதில்லை.

உறை இல்லாமல் மெழுகு அடையாகப் பெரிதாகத் தொங்கினால் அது தேனீ. அதற்குத் தேன் எடுக்கும் ஆட்களைக் கூப்பிடுங்கள். மருந்து அடிக்காதீர்கள்.

5. மண்கூடு: அவசரமில்லை

முதலில் துளை இருக்கிறதா என்று பாருங்கள். வட்டமான துளை இருந்தால் உள்ளே இருந்தது பறந்துபோய்விட்டது, வெறும் மண்தான். முழுவதும் மூடியிருந்தால் உள்ளே புழுவும், அதற்குத் தாய் அடைத்து வைத்த இரையும் இருக்கும். சில இனம் சிலந்தியை அடைக்கும், சில இனம் பச்சைப்புழுவை. கொட்டக் கொட்டப் புழு குளவியாகும் என்பது பாட்டி கதை. அந்தப் புழு குளவிக் குஞ்சின் சாப்பாடு. யாருடைய நடைக்கும் இடையூறில்லாத மூலையில் இருந்தால் விட்டுவிடலாம். குளவி மண்கூடு கட்டினால் வீட்டில் குழந்தை பிறக்கும் என்று சொல்கிற ஆச்சிமார் இருக்கும் வீட்டில் நான் கரண்டியை வெளியிலேயே எடுப்பதில்லை.

எடுத்தே ஆக வேண்டுமென்றால் இரும்புக் கரண்டியால் சுரண்டக் கூடாது. வழவழப்பான பழைய சுண்ணாம்புப் பூச்சில் கீறல் விழுந்தால் அதே மெருகை மறுபடி கொண்டுவர ஆள் தேடி அலைய வேண்டும். ஈரத்துணியை ஐந்து நிமிடம் ஒற்றி வையுங்கள், மண் இளகியதும் பிளாஸ்டிக் கரண்டியால் வழித்தெடுங்கள். தேக்கிலும் படத்தின் சட்டத்திலும் இதற்கு நேர்மாறு: நீர் படாமல், உலர்ந்தபடியே மெல்ல நெம்ப வேண்டும்.

இரண்டு இடங்களில் மட்டும் மண்கூட்டை விட்டுவைக்கவே கூடாது. ஒன்று சாவித் துவாரம். நிலைக்கதவுப் பூட்டின் பெரிய துளை இந்தக் குளவிக்கு அளவெடுத்துச் செய்ததுபோல் இருக்கும். சாவி நுழையவில்லை என்றதும் எண்ணெய் ஊற்றுகிறார்கள். மண் குழம்பாகி உள்ளே பூட்டின் நாக்கில் ஒட்டிக்கொள்ளும். பிறகு பலம்கொண்டு திருகுவார்கள். சாவி முறியும். கொல்லனை வரவழைத்துப் பூட்டையே பெயர்க்க நேர்ந்ததை இரண்டு முறை பார்த்திருக்கிறேன். உலர்ந்த மண்ணைக் கோணி ஊசியால் குத்தி உதிர்த்து, ஊதி வெளியேற்றிய பிறகுதான் எண்ணெய். வீட்டைப் பூட்டிப் போகும்போது துளைமேல் ஒரு துண்டு ஒட்டுத்தாள் போதும்.

மற்றொன்று மின்சாரம். மூன்று துளைப் பிளக்கிலும் மோட்டாரின் காற்றுத் துளையிலும் மண் அடைத்திருக்கும். மெயினை அணைக்காமல் ஊசியை நீட்ட வேண்டாம். மோட்டாரைச் சுத்தம் செய்யாமல் போட்டால் காற்றோட்டம் இன்றிச் சூடேறிப் புகைந்துவிடும்.

6. காகிதக் கூடு: உண்மையான வேலை இங்கேதான்

முதல் கேள்வி, ஏணி வேண்டுமா? வேண்டும் என்றால் அந்தக் கூடு உங்களுடையதல்ல, அனுபவம் உள்ள ஆளுடையது. ஏணிமேல் நிற்பவரை ஒரே ஒரு குளவி கொட்டினால் போதும். கொட்டு ஒரு நாளில் ஆறும், விழுந்து ஒடிந்த இடுப்பு ஆறாது. இரண்டாவது, கூடு உள்ளங்கை அளவைத் தாண்டியிருக்கிறதா? தாண்டியிருந்தால் அதுவும் உங்களுக்கு வேண்டாம்.

உள்ளங்கைக்குள் அடங்கும், தரையில் நின்று எட்டும் கூடுகளுக்கு நேரம் விடியலுக்கு முன், ஐந்து மணி வாக்கில். எல்லாக் குளவியும் கூட்டில் இருக்கும். குளிரில் சுறுசுறுப்பும் குறைவு. அந்தி நேரத்தைத்தான் பலர் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. தப்பித்த குளவி இருட்டில் எரியும் விளக்கைத் தேடி வீட்டுக்குள் வரும். விடியலில் செய்தால் அரை மணியில் வெளிச்சம் வந்துவிடுகிறது, மிச்சம் என்ன என்பது கண்ணுக்குத் தெரியும்.

டார்ச்சைக் கையில் பிடிக்க வேண்டாம். வெளிச்சத்தை நோக்கித்தான் அவை பறக்கும். சிவப்புக் காகிதம் கட்டி, உங்களுக்கு இரண்டு மூன்று அடி தள்ளித் தரையில் வையுங்கள். சிவப்பு நிறம் குளவியின் கண்ணுக்குச் சரியாகத் தெரியாது. தப்பி ஓடும் வழியை முன்பே திறந்து வைத்துவிட்டு, அதற்கு முதுகைக் காட்டி நில்லுங்கள்.

தெளிப்பானில் ஒரு லிட்டர் நீருக்கு இரண்டு மூன்று மேசைக்கரண்டி சோப்புத் திரவம். சோப்பு நீர் குளவியின் உடம்பில் உள்ள மூச்சுத் துளைகளை அடைத்துவிடும். சிறகு நனைந்தால் பறக்கவும் முடியாது. சிறு கூட்டுக்கு இதுவே போதும். சமையற்கட்டு, சாமி அறைப் பக்கம் நான் இதைத்தான் பயன்படுத்துகிறேன். பூச்சி மருந்து டின் என்றால் பக்கத்தில் விளக்கோ அடுப்போ எரியக் கூடாது, அந்தக் காற்றே தீப்பிடிக்கும். எதுவானாலும் முதல் பீய்ச்சல் கூட்டின்மேல் நேராக, நிறுத்தாமல் பத்து வினாடி. ஒரு முறை அடித்து, என்ன ஆகிறது என்று நின்று பார்ப்பதுதான் புதியவர்களின் தவறு. குளவிகளும் அந்த இடைவெளியில் உங்களைப் பார்த்துவிடும்.

அடித்ததும் வெளியேறிவிடுங்கள். கூட்டை உடனே தட்டக் கூடாது. நன்றாக விடிந்து, நடமாட்டம் இல்லை என்று தெரிந்த பிறகு நீளக் கம்பால் தட்டிப் பையில் இட்டுக் கட்டுங்கள். மூடிய அறைகளுக்குள் இருக்கும் கூட்டுப்புழுக்கள் மருந்துக்குத் தப்பியிருக்கலாம். பிறகு காம்பு ஒட்டியிருந்த இடத்தைச் சுரண்டி, சோப்பு நீரால் துடைக்க வேண்டும். இதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். வெளியே போயிருந்த குளவிகள் திரும்பி வந்து அதே இடத்தில் மறுபடி தொடங்கும்.

ராணியைக் கொன்றால் கூடு தானே கலைந்துவிடும் என்று ஒரு நம்பிக்கை உண்டு. நம் பக்கத்தில் அதிகம் காணும் காகிதக் குளவிகளில் ஒன்று ரோப்பலிடியா மார்ஜினேட்டா. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் ராகவேந்திர கடக்கர் பல பத்தாண்டுகள் ஆராய்ந்த இனம் அது. அதில் ராணி போனால் வேலைக்காரக் குளவிகளில் ஒன்று அந்த இடத்தை எடுத்துக்கொள்ளும். குளிர்நாட்டுக் குளவிபோல் பருவம் முடிந்ததும் கூடு காலியாவதும் இல்லை. ஆகவே "மார்கழி வந்தால் தானே போய்விடும்" என்று காத்திருப்பது இங்கே செல்லாது.

புகை போடலாமா என்று கேட்பார்கள். தேனீக்குப் புகை பட்டால் தேனைக் குடிக்கப் போய்விடும், அதனால் அடங்கும். குளவிக்கூட்டில் குடிக்கத் தேன் ஏது? புகையால் கலைந்து வீடு முழுவதும் சுற்றும், அவ்வளவுதான். மண்ணெண்ணெய்ப் பந்தத்தைப் பற்றி ஒரே சொல்: மேலே இருப்பது நூறாண்டு காய்ந்த தேக்கு.

தெளிப்பானைக் கிணற்றடியிலோ ஊருணியிலோ கழுவாதீர்கள். கடை மருந்துகளில் பெரும்பாலும் இருக்கும் பைரெத்ராய்டு வகை, மீனுக்கு மிகக் கொடிய நஞ்சு.

7. கதண்டு: தொலைபேசி மட்டும்

தீயணைப்பு நிலையத்தை 101 அல்லது 112 வழியாக அழையுங்கள். காரைக்குடிப் பக்கம் இது அவர்களுக்குப் பழகிய வேலை. சொல்லும்போது "குளவி" என்று மட்டும் சொல்லாமல், கதண்டு, எந்த மரம் அல்லது சுவர், எவ்வளவு உயரம், பக்கத்தில் மின்கம்பி போகிறதா, பள்ளிக்கூடம் இருக்கிறதா என்று சொன்னால் ஏற்பாட்டோடு வருவார்கள். பொதுவாக இருட்டிய பிறகே வருவார்கள். பகலில் வரவில்லையே என்று கோபிக்க வேண்டாம். அதுவரை அந்த மரத்தடியில் விறகு வெட்டுதல், ஜெனரேட்டர் வைத்தல், வெடி எதுவும் கூடாது. அதிர்வே போதும், அவை கிளம்பிவிடும்.

பந்தல்காரரிடம் தனியாகச் சொல்லுங்கள். அவர் கொம்பை ஓட்டு விளிம்பில் சாய்த்து இறுக்குவார், விளிம்புக்கு அடியில் என்ன இருக்கிறது என்று பார்க்க மாட்டார். இருபது நாள் முன்பே தொடங்கச் சொன்னது இதற்காகத்தான்.

8. அடைப்பது இப்போதுதான்

முதலிலேயே அடைக்க நினைப்பது இயல்பு. உள்ளே உயிருள்ள கூடு இருக்கும்போது வெளி ஓட்டையை அடைத்தால் குளவி வேறு வழி தேடும். அந்த வழி பெரும்பாலும் அறைக்குள் திறக்கும். மேற்கூரைப் பலகைச் சந்தை ஒருவர் பகலில் சிமெண்டால் பூசிவிட்டுப் போக, அன்று மாலை பட்டாலை முழுவதும் குளவி. எனவே கூடு எடுத்து இரண்டு நாள் போக்குவரத்தைக் கவனித்து, எதுவும் வரவில்லை என்றால் அடையுங்கள்.

சுண்ணாம்புச் சுவரில் சிமெண்ட் வைக்காதீர்கள். அது ஈரத்தை உள்ளேயே பிடித்துவைக்கும். பிறகு பூச்சோடு சேர்ந்து கழன்று, முன்பைவிடப் பெரிய ஓட்டையைத் தரும். சுண்ணாம்புக் கலவையே சரி. மேல் சன்னலுக்கும் மழைநீர்க் குழாய் வாய்க்கும் கம்பி வலை. வலையை அடைப்பாக இறுக்கிவிடாமல் கழற்றி மாட்டும்படி வையுங்கள். ஐப்பசி மழைக்கு முன் குழாயில் சேரும் சருகை எடுக்க வேண்டியிருக்கும்.

9. மறுபடி வராமல்

மண்குளவிக்கு ஈரமண் வேண்டும். கிணற்றடியிலும் பாத்திரம் கழுவும் இடத்திலும் நீர் தேங்கும் மண்ணுக்கு ஜல்லி போட்டால் அதற்கு மண் எடுக்க இடமில்லை. காகிதக் குளவி, வெயிலில் வெளுத்த மெருகற்ற மரத்தைச் சுரண்டித்தான் கூட்டுக்கு நார் எடுக்கிறது. பின்வாசல் கதவும் வேலிப் படலும் சாம்பல் நிறத்தில் கோடுகோடாக இருந்தால் அது குளவியின் வேலை. வார்னிஷ் அடித்தால் மரத்துக்கும் நல்லது.

விசேஷ நாளில் பழத்தோல், கருப்பட்டிப் பாகு, மீன் கழுவிய கழிவு இவற்றை மூடி போட்ட தொட்டியில் போடுங்கள். இனிப்பு நீர் ஊற்றிய புட்டிப் பொறியை வாசலில் தொங்கவிட்டால் இல்லாத குளவியும் வரும். காகிதப் பையைக் கூடுபோல் கட்டித் தொங்கவிடும் தந்திரத்தைச் செய்து பார்த்தேன். மூன்றாம் வாரம் பைக்கு ஒரு முழம் தள்ளிப் புதுக்கூடு இருந்தது.

10. பதினைந்து நாளுக்கு ஒரு முறை

காகிதக் கூடு ஒரே ஒரு குளவியிலிருந்தும் தொடங்கலாம். முட்டை வளர்ந்து குளவியாக ஒரு மாதத்துக்கு மேல் ஆகும். அதற்குள் கண்டுவிட்டால், காம்போடு தட்டிவிட ஒரு நீளக் கம்பும் ஒரு விடியற்காலையும் போதும். பதினைந்து நாள் கணக்கு அதனால்தான். காவல் ஆளிடம் "அப்பப்போ பாருங்கள்" என்று சொன்னால் அவர் பார்க்க மாட்டார். அமாவாசை, பௌர்ணமி என்று சொல்லிவிடுங்கள், மறக்காது. பார்த்ததும் சாக்பீஸ் வட்டத்தோடு ஒரு படம் எடுத்துப் பங்காளிகள் குழுவில் போடச் சொல்லுங்கள். சன்னல் எல்லாவற்றையும் இரண்டு விரல் திறந்து சாத்துவதும் அந்தச் சுற்றிலேயே சேர்த்தி. ஆடாத கதவில்தான் கூடு அமைகிறது. சாவி இல்லாத அந்த ஓர் உள்வீட்டுக்கு மட்டும், வெளியே முற்றத்தில் நின்று அதன் மேல் சன்னலை ஐந்து நிமிடம் பார்க்க வேண்டும்.